சியாட்டில் தட்டில் மியாகிச் சிப்பி

சியாட்டில் நகரத்து ஆய்ஸ்டர் பார் ஒன்றில் உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் படுவது சுவரில் இருக்கும் கரும்பலகை. சாமிஷ் விரிகுடா, ஹூட் கால்வாய், டோட்டன், வில்லாபா என்று சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். அன்றைய சிப்பி எந்தக் கரையிலிருந்து வந்தது என்ற கணக்கு அது. பெயர்கள் இருபது இருந்தாலும் இனங்கள் ஐந்தைத் தாண்டுவதில்லை. அதிலும் பாதிக்கு மேல் ஒரே இனம், பசிபிக் சிப்பி. ஊர் மாறினால் ருசி மாறும் என்பதால் ஊரின் பெயரிலேயே விற்கிறார்கள்.

கவுன்டருக்குப் பின்னால் நாலைந்து பேர் குட்டைக் கத்தியால் ஓட்டின் மூட்டை நெம்பித் திறந்து, நொறுக்கிய ஐஸ் பரப்பிய தட்டில் வரிசையாக வைக்கிறார்கள். மாலை ஆறரைக்கு மேல் பக்கத்தில் இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். தட்டோடு சின்னக் கிண்ணங்களில் துணைக்கு வருபவை: சோயாவும் நாரத்தைச் சாறும் கலந்த ஜப்பானியப் பொன்சு, பச்சை வசாபி, கொரியாவின் கொச்சுஜாங், மிளகாய் மிதக்கும் வியட்நாமிய மீன்சாறு. கடை வாசலில் 'ஆசிய ஃப்யூஷன்' என்று போட்டிருப்பார்கள்.

அதைப் பார்த்தால் எனக்குச் சற்றே சிரிப்பு வரும். ஃப்யூஷன் நடந்தது சமையலறையில் என்று சமையல்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அது நூறு வருஷத்துக்கு முன்பே கடலில் நடந்து முடிந்த காரியம். சாஸுக்கு முன்னால் சிப்பியே ஜப்பானிலிருந்து வந்துவிட்டது.

அந்தக் கரைக்கென்று சொந்தமாக ஒரு சிப்பி இருந்தது. ஒலிம்பியா என்று பெயர். சின்னது, வாயில் போட்டால் ஒரு செம்பு வாடை நாக்கில் நிற்கும். 1848இல் கலிபோர்னியாவில் தங்க வேட்டை தொடங்கியது. கையில் திடீரென்று காசு புரண்டவர்களுக்குச் சான்பிரான்சிஸ்கோவில் சிப்பி தின்பது கௌரவமாகிப் போனது. வடக்கே வில்லாபா விரிகுடாவிலிருந்து பாய்மரக் கப்பல்களில் ஒலிம்பியாவை அள்ளிக்கொண்டு போனார்கள். ஐம்பது வருஷம் அள்ளியதில் படுகைகள் காலி. அட்லாண்டிக் கரைச் சிப்பியை ரயிலில் ஏற்றி வந்து போட்டுப் பார்த்தார்கள், அது வேரூன்றவில்லை. பிறகு காகிதக்கூழ் ஆலைகளின் கழிவு வந்து, மிச்சமிருந்த ஒலிம்பியாவையும் பெரும்பாலும் முடித்துவைத்தது.

அந்தக் கழிவு வருவதற்கு முன்பே, படுகைகள் காலியாகிக் கிடந்த நிலையில், 1919இல் சாமிஷ் விரிகுடாவுக்கு 400 பெட்டிச் சிப்பி வந்து இறங்கியது. வடகிழக்கு ஜப்பானின் மியாகி மாகாணத்துச் சரக்கு. வரவழைத்தவர்கள் எமி ட்சுகிமோட்டோ, ஜோ மியாகி என்ற இரண்டு ஜப்பானியர்கள். பெட்டிகளைத் திறந்து பார்த்தால் பெரிய சிப்பிகளில் பெரும்பாலானவை செத்துப் போயிருந்தன. நஷ்டம் என்று கடலில் கொட்டிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தபோது, செத்த ஓடுகளின்மேல் ஒட்டிக்கொண்டு வந்திருந்த பொடிக்குஞ்சுகள் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தன.

சிப்பியின் வாழ்க்கை அப்படி. பிறந்து இரண்டு மூன்று வாரம் கண்ணுக்குத் தெரியாத லார்வாவாக நீந்தும். அதற்குள் உறுதியான இடமொன்றைத் தேடிப் பிடித்து, ஒரு பசையைச் சுரந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பின் ஆயுசு முழுக்க நகராது. மற்றொரு சிப்பியின் ஓடுதான் அதற்கு ரொம்பப் பிடித்த இடம். ஆகவே பெரிய சிப்பியைக் கப்பலேற்றுவதை விட்டுவிட்டு, குஞ்சு ஒட்டிய பழைய ஓடுகளை இறக்குமதி செய்ய ஆரம்பித்தார்கள். போர்க்காலம் தவிர, எழுபதுகள் வரைக்கும் மியாகியிலிருந்து அந்த விதை வந்துகொண்டே இருந்தது. கூடவே அழையாத விருந்தாளிகளும் வந்தார்கள். சிப்பியைத் துளைத்துத் தின்னும் ஜப்பானிய நத்தை ஒன்று; சர்காசம் என்ற கடற்பாசி ஒன்று; இன்று அதே கடைகளில் வேகவைத்துத் தரும் மணிலா மட்டியும் அந்தக் கூட்டத்தில் வந்ததுதான்.

சிப்பிக்குக் கிடைத்த வரவேற்பு அதைக் கொண்டுவந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1921இல் வாஷிங்டன் மாநிலம் ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. குடியுரிமை பெற முடியாத ஜப்பானியர்கள் நிலம் வைத்திருக்க முடியாது. சாமிஷ் படுகை அமெரிக்கர்கள் கைக்குப் போனது. 1942இல் மேற்குக் கரை ஜப்பானியர்களை மொத்தமாக முகாம்களில் அடைத்தபோது சிப்பிப் படுகைகளில் வேலை பார்த்த குடும்பங்களும் அதில் அகப்பட்டன. சிப்பி மட்டும் கடலிலேயே இருந்தது.

பலகையில் குமாமோட்டோ என்றொரு பெயர் இருந்தால் அதுவும் ஜப்பான்தான். தெற்கே அரியாகே கடலைச் சேர்ந்த வேறு இனம். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு வந்தது. சின்னக் கிண்ணம் போலக் குழிந்த ஓடு, இனிப்பான சதை. முதல்முறை பச்சையாகச் சாப்பிடத் தயங்குகிறவர்களுக்குக் கடைக்காரர்கள் இதைத்தான் நீட்டுகிறார்கள், சரியான தேர்வு.

கடலில் இருக்கும் ஒரு பிராணி இனிப்பாக இருப்பது எப்படி என்ற கேள்விக்குப் பதில், உப்பில் இருக்கிறது. மீன் தன் உடம்பின் உப்பளவைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளும். சிப்பியால் அது முடியாது. சுற்றியிருக்கும் நீர் எவ்வளவு கரிக்கிறதோ அந்த அளவுக்கு அதன் உடல்நீரும் கரிக்கும். ஆனால் உயிரணுக்களுக்குள் அவ்வளவு உப்பை அடைத்தால் நொதிகள் கெட்டுவிடும். அணுவுக்கு வெளியே உப்பு, உள்ளே வெறும் நீர் என்று விட்டால் நீர் வெளியேறி அணு சுருங்கிவிடும். இதைச் சமாளிக்க, அணுக்கள் உப்புக்குப் பதிலாகக் கட்டற்ற அமினோ அமிலங்களைச் சேமித்து வைக்கின்றன: டாரின், கிளைசின், அலனைன், புரோலின், குளூட்டமிக் அமிலம். இவற்றில் கிளைசினும் அலனைனும் நாக்குக்கு இனிப்பு. குளூட்டமேட்டுக்கு, நல்ல குழம்பில் வரும் அந்த இறைச்சித்தன்மை.

எனவே கடல் கரிக்கக் கரிக்கச் சிப்பிக்குள் ருசியான சரக்கும் கூடும். திறந்த பெருங்கடலில் ஒரு கிலோ நீருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சியாட்டிலை ஒட்டிய, ஆறுகள் வந்து விழும் பியூஜெட் சவுண்டில் அதைவிடக் குறைவு. அங்கேயும் ஒவ்வொரு நுழைகழிக்கும் ஒவ்வோர் அளவு. பலகையில் ஊர்ப்பெயர் போடுவதற்குப் பின்னால் இருக்கும் வேதியியலில் பெரும்பங்கு இதுதான். மிச்சம், அந்தந்தக் கழியில் மிதக்கும் பாசி. நிலைமை சாதகமாக இருந்தால் ஒரு வளர்ந்த சிப்பி நாளுக்கு நூறு லிட்டருக்கு மேல் நீரை இழுத்து வடிகட்டி, அந்தப் பாசியைத் தின்னும். பாசியின் கொழுப்பு அமிலங்களை நொதிகள் உடைக்கும்போது நோனாடையினால் என்ற வாசனைப் பொருள் உண்டாகிறது. வெள்ளரிக்காயை நறுக்கியதும் வரும் வாசனைக்கும் அதுவே காரணம். பசிபிக் சிப்பியைத் தின்றவர்கள் வெள்ளரி மணக்கிறது என்று சொன்னால் அது கற்பனை கிடையாது.

இனிச் சாஸ். டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் கிகுனே இகெடா என்ற வேதியியலாளர் 1908இல் கொம்பு என்னும் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு நாலிலும் அடங்காத அந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். 1913இல் அவருடைய மாணவர் ஷின்டாரோ கொடாமா, காய்ந்த சூரைக் கருவாட்டில் இன்னொரு உமாமிப் பொருளைக் கண்டார்: இனோசினேட். இது நியூக்ளியோடைடு வகை. உடம்பின் ஆற்றல் நாணயமான ஏடிபி சிதையும்போது உண்டாவது. ஐம்பதுகளின் கடைசியில் அகிரா குனினாகா மூன்றாவதாகக் குவானிலேட்டைச் சேர்த்தார். அதைவிட முக்கியமாக, குளூட்டமேட்டையும் இந்த நியூக்ளியோடைடுகளையும் ஒன்றாகச் சேர்த்தால் ருசி கூட்டல் கணக்கில் ஏறாமல் பெருக்கல் கணக்கில் ஏறுகிறது என்பதைக் காட்டினார்.

இதன் பொறிமுறை 2008 வாக்கில் புரிந்தது. நாக்கில் உள்ள உமாமி ஏற்பியில் இரண்டு மடல்கள் இருக்கின்றன. குளூட்டமேட் மடல்களின் கீல் அருகே போய் உட்காரும். உடனே அவை மூடிக்கொள்ளும். நியூக்ளியோடைடு வாயருகே ஒட்டிக்கொண்டு, மூடிய மடல் சீக்கிரம் திறந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும். சமிக்ஞை நீள்கிறது, மூளைக்கு ருசி பெரிதாகத் தெரிகிறது.

சிப்பி போன்ற மெல்லுடலிகளில் சேர்வது பெரும்பாலும் அடினிலேட் என்ற நியூக்ளியோடைடு. பொன்சுவில் சோயாவின் குளூட்டமேட் இருக்கிறது. முறைப்படி செய்திருந்தால் சூரைக் கருவாட்டின் இனோசினேட்டும் இருக்கும். இரண்டும் சிப்பியிடம் இருப்பதோடு கைகோக்கின்றன. ஐரோப்பியர்கள் சிப்பிக்கு ஷாம்பெயின் குடிப்பதும் இதே கணக்குத்தான் என்று 2020இல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஷாம்பெயின் புட்டியில் செத்த ஈஸ்ட்டோடு நெடுநாள் கிடப்பதால் அதில் குளூட்டமேட் ஊறுகிறது. சாக்கே அரிசி மதுவிலும் குளூட்டமேட் உண்டு. யார் நாகரிகம் உசத்தி என்பதெல்லாம் மேஜைப் பேச்சு. நாக்கின் ஏற்பிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

வசாபி விஷயம் இன்னும் வேடிக்கை. அமெரிக்க ஆய்ஸ்டர் பார்களின் பழைய வழக்கம், தக்காளிச் சாஸில் துருவிய ஹார்ஸ்ராடிஷ் கிழங்கைக் கலந்து தொட்டுக்கொள்வது. வசாபி அதற்கு மாற்றாக வந்த கிழக்கத்திய நூதனம் என்று நினைப்பு. இரண்டின் காரமும் ஒரே மூலக்கூறுதான், அல்லைல் ஐசோதயோசயனேட். செடி சும்மா இருக்கும்வரை காரம் கிடையாது. துருவும்போது அணுக்கள் கிழிந்து, தனித்தனி அறைகளில் இருந்த சினிக்ரினும் மைரோசினேஸ் நொதியும் சந்திக்கின்றன. அப்போதுதான் அது பிறக்கிறது. ஆவியாகி மூக்குக்கு ஏறி, எரிச்சலை உணரும் நரம்பைச் சுரீரென்று தட்டும். மிளகாயின் கார ஏற்பி வேறு, அதன் காரம் ஆவியாவதும் இல்லை. அதனால்தான் மிளகாய் நாக்கில் நின்று எரிகிறது, வசாபி மூக்கில் ஏறி உடனே அடங்குகிறது. நம் கடுகிலும் இதே சரக்குத்தான். தாளிக்கும்போது சூட்டில் நொதி செத்துவிடுவதால் காரம் தெரிவதில்லை. ஆவக்காயில் பச்சையாகப் பொடித்துப் போடுவதால் மூக்கைப் பிடிக்கிறது. போதாக்குறைக்கு, ஜப்பானுக்கு வெளியே வசாபி என்று தரப்படும் பச்சைப் பசையில் பெரும்பாலானது சாயமேற்றிய ஹார்ஸ்ராடிஷ். பழைய சாஸ் வேண்டாமென்று புதியதைத் தொடுகிறவர் அதே கிழங்கைத்தான் தின்கிறார்.

கடையின் இரைச்சலைக்கூட ருசிக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2015இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிம்பர்லி யானும் ராபின் டாண்டோவும் விமானத்துக்குள் கேட்கும் 85 டெசிபெல் இரைச்சலைப் போட்டுவிட்டுச் சிலருக்குச் சுவைக் கரைசல்களைக் கொடுத்தார்கள். இனிப்பு மங்கியது, உமாமி தூக்கலாகத் தெரிந்தது. நடுக்காதின் வழியாகச் செல்லும் சுவை நரம்பு ஒன்றுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். கூட்டமான உணவகங்களில் 80 டெசிபெல் சர்வசாதாரணம். அப்படியென்றால் ஆய்ஸ்டர் பாரின் கூச்சலில் குமாமோட்டோவின் மென்மையான இனிப்பு அடிபட்டுப் போகும், பொன்சு நனைத்த சாமிஷ் சிப்பி ஜெயிக்கும். ஆக்ஸ்போர்டின் சார்லஸ் ஸ்பென்ஸ் செய்த இன்னொரு சோதனை சிப்பியை வைத்தே நடந்தது. அலையோசை கேட்டபடி தின்றவர்களுக்கு, கோழிப்பண்ணைச் சத்தம் கேட்டபடி தின்றவர்களைவிடச் சிப்பி அதிகம் பிடித்தது. உப்பு மட்டும் கூடித் தெரியவில்லை.

தட்டில் வருவது செத்த சிப்பி இல்லை என்பதைச் சிலர் தெரிந்துகொள்ள விரும்புவதில்லை. கத்தி படும்வரை அது உயிரோடு இருந்தாக வேண்டும். செத்த சிப்பியைப் பச்சையாகத் தின்னக் கூடாது. கடல் வற்றும்போது மணிக்கணக்கில் வெளியில் கிடந்து பழகிய பிராணி என்பதால் கரைக்கு வந்த பிறகும் அதற்கு உயிர் தங்குகிறது. ஓட்டுக்குள் கொஞ்சம் கடல்நீரைப் பூட்டிக்கொண்டு, பிராணவாயு இல்லாமலேயே கிளைக்கோஜனை எரித்துக் காலந்தள்ளும். இரண்டு ஓடுகளையும் இழுத்துப் பிடிக்கும் தசையில் ஒரு பகுதிக்குத் தனிச் சாமர்த்தியம்: ஒருமுறை இறுகிவிட்டால், தாழ்ப்பாள் போட்ட கதவு மாதிரி, மேற்கொண்டு ஆற்றல் அதிகம் செலவழிக்காமல் அப்படியே நிற்கும். குளிரில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேலும் தாங்கும். கத்தி தேடிப்போய் வெட்டுவது அந்தத் தசையைத்தான்.

பச்சையாகத் தின்பதில் ஆபத்தும் உண்டு. நூறு லிட்டர் வடிகட்டும் பிராணி, நீரில் உள்ள நல்லது கெட்டது இரண்டையும் சேர்த்துவைக்கும். 1924-25 குளிர்காலத்தில் கழிவுநீர் கலந்த சிப்பியால் நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் நகரங்களில் டைபாய்டு பரவி 150 பேர் இறந்தார்கள். அதையொட்டித்தான் அமெரிக்காவில் சிப்பிக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. இன்றும் ஒவ்வொரு மூட்டையிலும் எங்கே, என்றைக்கு எடுத்தது என்ற அட்டை தொங்க வேண்டும். மூட்டை தீர்ந்த பிறகும் கடைக்காரர் அதை 90 நாள் வைத்திருக்க வேண்டும். கரும்பலகையில் உள்ள ஊர்ப்பெயர்கள் அந்த அட்டையிலிருந்து வருபவை. ரசிகர்களுக்கு அது ருசிப் பட்டியல், சுகாதாரத் துறைக்குத் தடயம்.

கழிவுநீரைத் தடுக்கலாம், விப்ரியோ என்ற பாக்டீரியாவைத் தடுக்க முடியாது. அது கடலின் சொந்தக் குடி. இதில் பாராஹீமோலிட்டிகஸ் என்ற வகையைக் கண்டுபிடித்ததும் ஜப்பானில்தான். 1950இல் ஒசாகாவில் அரைகுறையாகக் காய்ந்த மத்திக் குஞ்சு தின்ற 272 பேர் நோயில் விழுந்து, 20 பேர் இறந்தார்கள். ட்சுனேசபுரோ ஃபுஜினோ அதற்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்தார். தோதான வெப்பம் கிடைத்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் கிருமி. 2021 ஜூன் 28 அன்று சியாட்டிலில் வெயில் 42 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த நாட்களில் கடல் வற்றும் நேரமும் நடுப்பகலில் வந்து சேர்ந்ததால், கரையோரச் சிப்பிகளும் மட்டிகளும் ஓட்டுக்குள்ளேயே வெந்தன. அடுத்த மாதம் வாஷிங்டன் மாநிலத்தில் விப்ரியோ நோயாளிகளின் எண்ணிக்கை எகிறியது. எலுமிச்சை பிழிந்தால், வசாபி தடவினால், மது குடித்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கை அங்கேயும் பரவலாக உண்டு. சாகாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களும் வேகவைத்ததையே தின்பது நல்லது. வேகவைப்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை. சிங்கப்பூர், பினாங்குத் தெருக்கடைகளில் முட்டையும் கிழங்கு மாவும் சேர்த்து இரும்புச் சட்டியில் பொரிக்கும் சிப்பி ஆம்லெட்டைத் தின்ற எந்தத் தமிழரும் இதை ஒத்துக்கொள்வார்.

கோடைகாலத்தில் சிப்பி தின்னக் கூடாது என்று பழைய விதி ஒன்று உண்டு. கிருமி ஒரு காரணம், இனப்பெருக்கம் இன்னொன்று. நீர் வெதுவெதுப்பானதும் பசிபிக் சிப்பி சேர்த்துவைத்த கிளைக்கோஜனை எல்லாம் முட்டையாகவும் விந்தாகவும் மாற்றிவிடும். சதை பால் போலக் கொழகொழக்கும், இனிப்பு போய்விடும். அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எண்பதுகளில் இதற்கொரு வழி கண்டார்கள். வழக்கமான 20 குரோமோசோமுக்குப் பதில் 30 உள்ள மும்மடியச் சிப்பி. மூன்று தொகுதிகளைச் சரிசமமாகப் பிரிக்க முடியாததால் அதற்கு இனப்பெருக்கம் ஒழுங்காக நடக்காது. சேமித்தது சதையிலேயே தங்கும். ஹிடோஷி கிஹாரா ஜப்பானில் விதையில்லாத் தர்பூசணியை உருவாக்கியதும் இந்தக் கணக்கில்தான். நம் வாழைப்பழத்தில் விதை இல்லாததற்கும் காரணம் இதுவே. ஜூலை மாதத்தில் ஆய்ஸ்டர் பார் நிரம்பி வழிகிறதென்றால் இந்த மலட்டுச் சிப்பியின் புண்ணியம்.

இவ்வளவுக்கும் ஆதாரம் குஞ்சு. வாஷிங்டன் கடல் பசிபிக் சிப்பிக்குக் கொஞ்சம் குளிர்ச்சி. ஓரிரு விரிகுடாக்களைத் தவிர அங்கே அது நம்பகமாக இனம் பெருக்குவதில்லை. ஜப்பானிய விதை நின்ற பிறகு தொழில் முழுவதும் குஞ்சுப் பொரிப்பகங்களின் கையில். அதில் பெரியவற்றுள் ஒன்று, ஓரிகன் மாநிலத்தின் நெடார்ட்ஸ் விரிகுடாவில் உள்ள விஸ்கி கிரீக். 2007இலும் 2008இலும் அங்கே லார்வாக்கள் கோடிக்கணக்கில் செத்தன. முதலில் விப்ரியோவைச் சந்தேகித்து வடிகட்டிகள் போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பர்க் ஹேல்ஸும் மற்றவர்களும் நீரை அளந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. கோடையில் வடக்குக் காற்று அடிக்கும்போது மேல்நீர் விலகி, ஆழத்து நீர் மேலே வருகிறது. பல பத்தாண்டுகளாகக் காற்றைப் பார்க்காத, கரியமில வாயு நிறைந்த நீர். மனிதர்கள் எரித்த எரிபொருளின் பங்கும் அதில் கரைந்திருக்கிறது. பிறந்து இரண்டு நாளுக்குள் லார்வா தன் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும்; அந்த ஓடு எளிதில் கரையும் அரகோனைட் வகைச் சுண்ணாம்பு. கட்டுவதற்கு ஆற்றல் தருவது முட்டையில் இருக்கும் மஞ்சள் கரு மட்டுமே. வாய் திறந்து தின்னும் வயது இன்னும் வரவில்லை. நீரில் கார்பனேட் குறைந்தால் கட்டும் செலவு ஏறுகிறது, கரு தீர்ந்துவிடுகிறது.

பொரிப்பகத்துக்காரர்கள் நீரின் வேதியியலை ஓயாமல் அளக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். பகலில் பாசிகள் கரியமில வாயுவை இழுத்த பிறகு, மதியத்துக்கு மேல் நீர் எடுக்க ஆரம்பித்தார்கள். தேவைப்பட்டால் சோடியம் கார்பனேட்டைக் கலக்கிறார்கள். உற்பத்தி மீண்டது. வில்லாபா விரிகுடாவின் சிப்பி நிறுவனம் ஒன்று இந்த நீரை நம்பிப் பயனில்லை என்று முடிவெடுத்து, ஹவாய்த் தீவின் ஹிலோவில் சொந்தப் பொரிப்பகம் தொடங்கியது. அங்கே பொரிக்கும் லார்வாக்களை ஈரத் துணியில் உருண்டையாகச் சுற்றி, குளிர்ப்பெட்டியில் வைத்து, விமானத்தில் வாஷிங்டனுக்கு அனுப்புகிறார்கள். வந்ததும் பழைய ஓடுகள் நிரப்பிய தொட்டியில் கொட்டிவிட்டால், ஓரிரு நாளில் அவை ஆளுக்கொரு இடம் பார்த்து ஒட்டிக்கொள்கின்றன.